மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை

“50 எம்எம்-ல முகம் எடுக்காதீங்க, மூக்கு பெரிசாயிடும். 85 வாங்கிடுங்க.” கேமரா கடையில் சொல்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் சொல்கிறார்கள், யூடியூபிலும் சொல்கிறார்கள். ஃபிலிம் காலத்திலேயே கேட்ட புரளி இது. டிஜிட்டல் வந்த பிறகும் சாகவில்லை. இதை நம்பித் தவணையில் 85 வாங்கிவிட்டு, வீட்டுக்குள் பயன்படுத்த வழியில்லாமல் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

மூக்கின் அளவு நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஆழம் சுமார் 12 செ.மீ. என்று வையுங்கள். அரை மீட்டரில் நின்றால் மூக்கு 50 செ.மீ. தொலைவில், காது 62 செ.மீ. தொலைவில். அதனால் காதைவிட மூக்கு ஏறக்குறைய கால் பங்கு பெருத்துப் பதிகிறது. காது கன்னத்துக்குப் பின்னால் பதுங்கிவிடுகிறது. இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அது 200-க்கு 212 ஆகிறது. வித்தியாசம் வெறும் 6 சதவீதம்.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு மீட்டரில் நின்று 50-இல் ஒன்று, கால் நகராமல் 85-இல் ஒன்று எடுங்கள். முதல் படத்தை வெட்டி இரண்டாவதன் அளவுக்குப் பெரிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். மூக்கு, நெற்றி, காது மடல் எல்லாம் அச்சாகப் பொருந்தும். 50 வைத்திருப்பவர் ஃபிரேமை நிரப்ப முகத்துக்குக் கிட்டே போய்விடுகிறார். பிழை அந்த இரண்டு அடியில் இருக்கிறது, பழியோ லென்ஸ்மீது விழுகிறது.

கிராப் சென்சார் கேமராவில் 50 எம்எம் 75 ஆகிவிடும் என்பதும் அரைகுறைப் பேச்சு. லென்ஸ் 50-ஆகவேதான் இருக்கிறது. ஃபிலிமின் 36×24 மி.மீ. பரப்புக்குப் பதில் நடுவில் சுமார் 24×16 மட்டும் பதிவாகிறது. அதே ஃபிரேமுக்கு நீங்கள் ஒன்றரை மடங்கு பின்வாங்க வேண்டியிருக்கிறது. முகமும் அழகாக அமைகிறது. அதில் 85-ஐப் போட்டு ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் ஆறு மீட்டர் எங்கே இருக்கிறது? 50-க்கு நான்கு மீட்டர் போதும்.

1950-இல் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்த கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் வேலையில் பெரும்பகுதியை 50 எம்எம்-இலேயே செய்தவர். ஸ்டீவ் மெக்கரியின் 1984 ஆப்கன் சிறுமி படம் 105-இல் எடுத்தது. இருவரும் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவர்கள்.

“அபெர்ச்சரை முழுசாத் திறந்தாத்தான் போர்ட்ரெய்ட்” என்பது இன்னொரு புரளி. ஃபுல் ஃபிரேமில் 85-ஐ எஃப் 1.8-இல் ஒரு மீட்டரில் வைத்தால் தெளிவு ஒன்றரை செ.மீ. அளவுதான். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாக இருக்கும், மறு கண் கரைந்துவிடும். எஃப் 4-க்குப் போங்கள்.

பழைய ஃபிலிம் லென்ஸ் டிஜிட்டலுக்கு உதவாது என்று எடைக்குப் போடாதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் சரியான அடாப்டர் போட்டால் பெரும்பாலானவை வேலை செய்யும். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபிலிமிலிருந்து வருபவர்கள் உண்மையில் விட வேண்டிய பழக்கம் வேறு. கலர் நெகட்டிவில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுப்போம், நெகட்டிவ் தாங்கும். டிஜிட்டல் தாங்காது. கூந்தலில் இருக்கும் மல்லிகைச் சரம் பூப்பூவாகத் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. வேட்டியும் பூவும் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, முகத்துக்கு ரிஃப்ளெக்டரால் ஒளி கொடுங்கள்.

பலர் இதைச் செய்யாமல் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கிறார்கள். கறுத்த பெண்ணை மாவு பூசியது போல் ஆக்கி, கன்னத்து மருவையும் அழித்து ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள். அது அவள் படமே இல்லை. கல்யாணத்துக்கு ஸ்டூடியோ பேசும்போது, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்: முகத்தின் நிறத்தைத் தொடக் கூடாது, ஸ்கின் ஸ்மூத் போடக் கூடாது, திருத்தாத ஒரிஜினல் ஃபைல்கள் எங்கள் கைக்கு வர வேண்டும்.