மூன்றாம் பாகம் எதை நினைவில் வைத்திருக்கிறது?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய உன் படத்தின் ரஃப் கட்டை முழுதாகப் பார்த்துவிட்டேன். மூன்று பாகம், நாலேகால் மணி நேரம். இரண்டரை மணிக்குள் கொண்டுவா என்கிறார் உன் தயாரிப்பாளர். கிளைமாக்ஸ் பலமாக இருந்தால் நீளம் யாருக்கும் உறைக்காது என்கிறார் எடிட்டர். தயாரிப்பாளரின் கவலை எனக்குப் புரிகிறது. எடிட்டர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பலமான முடிவை இருபது நிமிடக் குறும்படத்துக்கும் வைத்துவிடலாம். முன்னால் உள்ள மூன்று மணி நேரத்தைப் பார்க்காதவனுக்கும் உன் முடிவு அதே அளவு பாதிப்பைத் தருமென்றால், அந்த மூன்று மணி நேரம் எதற்கு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் போய் நிற்கும் படம் மசாகி கோபயாஷியின் ‘தி ஹியூமன் கண்டிஷன்’. ஜும்பேய் கோமிகாவாவின் ஆறு தொகுதி நாவலிலிருந்து 1959-ல் இரண்டு படங்கள், 1961-ல் மூன்றாவது. மொத்தம் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். நாயகன் காஜியாக தட்சுயா நகடாய். ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவில் ஒரு சுரங்கம். அங்கே தொழிலாளர்களை மேற்பார்வை செய்ய ஒப்புக்கொண்டால் ராணுவத்துக்குப் போக வேண்டியதில்லை என்ற சலுகையோடு காஜி மனைவி மிச்சிகோவுடன் போகிறான். மனிதர்களை மனிதர்களாக நடத்தினாலே வேலையும் நடக்கும் என்று நம்புகிறவன். அவன் பொறுப்பில் சீனப் போர்க்கைதிகளை விடுகிறார்கள். சுற்றிலும் மின்சாரம் பாயும் முள்வேலி. காஜி நிற்பது வேலிக்கு வெளியே.

மூன்றாவது படத்தின் கடைசிப் பகுதிக்கு வா. ஜப்பான் தோற்றாயிற்று. காஜி சோவியத் முகாமில் கைதி. இப்போது அவன் உள்ளே. முதல் படத்தில் பட்டினியில் வற்றிய சீனர்கள் ரயில் பெட்டியிலிருந்து விழுந்து எழுந்து உணவை நோக்கி ஓடியதை நாம் அவன் பக்கம் நின்று பார்த்தோம். இங்கே அவனே குப்பையைக் கிளறி உணவு தேடுகிறான். சோஷலிச நாட்டிலாவது நியாயம் இருக்கும் என்று மனதில் வைத்திருந்தவனை, குளிருக்குச் சாக்கைப் போர்த்தியதற்காக விசாரிக்கிறார்கள். அவன் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வாயில் வேறாகிப் போகிறது. இதை உணரப் பழைய காட்சி எதையும் நினைவூட்டத் தேவையில்லை. நாம் ஏழு மணி நேரமாகச் சுமந்துவந்ததே போதும்.

இரண்டாம் படத்தில் ஒபாரா என்ற நோஞ்சான் சிப்பாயை முகாமில் அவமானப்படுத்தியே சாகடிக்கிறார்கள். அவன் தன்னைச் சுட்டுக்கொள்வது கழிப்பறையில். மூன்றாவதில், காஜி தம்பிபோல் பார்த்துக்கொண்ட தெராதா என்ற பையன் கிரிஹாரா என்பவனின் கொடுமையால் சாகிறான். கைதிகளை அடிக்க மறுத்தவன், அவர்களைக் கொல்வதைத் தடுக்கப் போய்ச் சித்திரவதை பட்டவன், அந்தக் காஜிதான் கிரிஹாராவைச் சங்கிலியால் அடித்துக் கழிப்பறைக் குழியில் தள்ளுகிறான். அந்த அடியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் அது ஒரு பழிவாங்கும் காட்சி. முழுதும் பார்த்தவனுக்கு ஒரு மனிதனின் நம்பிக்கை முடிந்துபோகும் இடம். இதற்குத்தான் நீளம்.

மிச்சிகோ விஷயத்தையும் கவனி. மூன்றாம் படத்தில் அவள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனாலும் காஜி தப்பித்து அவளைத் தேடிப் பனியில் நடக்கும்போது நாமும் அவளைத் தேடுகிறோம். இரண்டாம் படத்தில் அவள் ராணுவ முகாமுக்கே வந்து அவனோடு ஓர் இரவு தங்கிப் போவாள். கதையை நகர்த்துவதாகப் பார்த்தால் அந்தக் காட்சியால் ஒன்றும் ஆவதில்லை. ‘இழுக்கிறது’ என்று முதலில் கத்தரி விழுவது இப்படிப்பட்ட காட்சிகள் மேல்தான். அது இல்லாவிட்டால் காஜி பனியில் விழுந்து, உடல் மூடி, வெறும் மேடாக ஆவது நம்மை இவ்வளவு தூரம் தொடாது.

கோபயாஷியும் மஞ்சூரியாவுக்குச் சிப்பாயாக அனுப்பப்பட்டவர். பதவி உயர்வு வேண்டாமென்று மறுத்தவர். போர் முடிந்த பிறகு ஓகினாவாவில் கைதியாக இருந்தவர். சொந்த அனுபவம் இவ்வளவு இருந்தும் அதை அப்படியே கொட்டாமல், எது எதோடு சேர வேண்டும் என்று பார்த்துக் கட்டியிருக்கிறார்.

குறையும் உண்டு. மூன்றாம் படத்தின் முதல் பாதியில் தோற்ற வீரர்களும் அகதிகளும் காட்டில் அலைகிறார்கள். முகங்கள் வருகின்றன, தொலைகின்றன. தோல்வியின் குழப்பம் அப்படித்தான் இருக்கும் என்று வாதாடுபவர்கள் உண்டு. பசியின் நீளம் அங்கே தேவை என்று நானும் ஒப்புக்கொள்வேன். முடிவு திரும்ப நினைக்காத அத்தனை முகங்களும் தேவையா என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. கடைசி நடையில் காஜி மனதுக்குள் மிச்சிகோவிடம் பேசிக்கொண்டே போவதும் அதிகம். அவளுக்காகத் திருடிய பண்டம் கையில் இருக்கிறது. அதற்கு மேல் குரல் எதற்கு?

இப்போது உன் படம். உப்பளத்து அப்பா, இரண்டு பிள்ளைகள், முப்பது வருடம். மூன்றாம் பாகத்தில் நீதிமன்றக் காட்சி, பெரியவன் சாவு, மழையில் பாத்திகள் கரைவது என்று எல்லாமே பெரிதாக எடுத்திருக்கிறாய். பெரியவன் சாவு எனக்குள் இறங்கவில்லை. முதல் பாகத்தில் அவனோடு நான் இருந்ததே நாலைந்து ஷாட்தான். இளையவன் அப்பாவின் கணக்கு நோட்டைத் திறக்கிற அரை நிமிடம் தொண்டையை அடைத்தது. ஏனென்றால் அந்த நோட்டை அப்பா இரவில் எழுதுவதை முதல் பாகத்தில் ஆறு நிமிடம் வெட்டாமல் காட்டியிருந்தாய். தயாரிப்பாளர் தூக்கச் சொல்வது அந்த ஆறு நிமிடத்தைத்தான். விட்டுக்கொடுக்காதே.

நீதிமன்றத்தைப் பாதியாக்கு. இரண்டாம் பாகத்தில் வரும் கல்யாண ஊர்வலத்தை எடுத்துவிடு, முடிவுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. பெரியவனுக்கு முதல் பாகத்தில் இடம் கொடு, எடுக்காமல் விட்ட காட்சி ஏதாவது இருந்தால் சொல், பேசுவோம். மூன்று மணி இருபது நிமிடம் வரலாம் என்று படுகிறது. இரண்டரைக்கு வராது. தயாரிப்பாளரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்