ரேடியேட்டர் ஒழுகினால் பற்று வைப்பதா, புதிது வாங்குவதா?

டிராக்டர், கார், சிறு சுமை வண்டி எதுவாயினும் எஞ்சின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டரே. எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும் பகுதியை ரேடியேட்டர் நீர் ஏற்றுக்கொண்டு காற்றில் விடுகிறது. நீர் குறைந்தால் எஞ்சின் காய்ந்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்துபோகும். சில ரூபாய் ஒழுக்கைக் கவனியாமல் விட்டால் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு வந்து சேரும். சம்பா உழவு நேரத்திலோ, காய்கறி ஏற்றிக் கோயம்பேட்டுக்குப் புறப்படும் இரவிலோ வண்டி நின்றுவிட்டால், அந்த நட்டம் வேறு.

ஒழுகும் இடம் எது?

வண்டிக்கு அடியில் ஈரம் கண்டதும் ரேடியேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. முதலில் ரப்பர் ஹோஸ்களையும் அவற்றின் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும். வெடித்த ஹோஸை மாற்றுவதும், தளர்ந்த கிளிப்பை முறுக்குவதும் மிகச் சிறு செலவு. அடுத்து வடிகுழாய்த் திருகு, வாட்டர் பம்ப்பின் சீல், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்க்கலாம். மூடிக்குள் உள்ள ஸ்பிரிங் தளர்ந்தாலும் நீர் வழிந்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் உள்ளே நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் நீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை வருவதும், எஞ்சின் ஆயில் மோர் போல் வெளுத்திருப்பதும் இதன் அறிகுறிகள். அந்நிலையில் ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை.

ரேடியேட்டரில்தான் ஓட்டை என்றால், அதைக் கழற்றி வாய்களை அடைத்து, நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு மேற்படாமல் காற்று ஏற்றினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். பட்டறையில் இந்தச் சோதனையை விவசாயி நேரில் பார்ப்பது நல்லது. ஓட்டை ஒன்றா, பலவா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

எதனால் செய்த ரேடியேட்டர்?

பழைய டிராக்டர்களிலும், ஒரு காலத்தில் தாம்பரத்தை அடுத்த பகுதியில் தயாரான ஸ்டாண்டர்டு கார்களிலும் இருந்தவை செம்பு, பித்தளை ரேடியேட்டர்கள். இவற்றில் குழாய்களும் தொட்டியும் ஈயப் பற்றால் இணைந்திருக்கும். ஆகவே சுத்தம் செய்து மீண்டும் பற்று வைக்க முடியும். தொட்டி இணைப்பில் ஏற்பட்ட ஒழுக்கும், கல் பட்டு ஒரு குழாயில் விழுந்த ஓட்டையும் நல்ல கையால் பற்று வைத்தால் பல ஆண்டு தாங்கும்.

இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளன. அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. தனி வெல்டிங் தேவை. மெல்லிய குழாய் அதில் உருகிப்போகவும் கூடும். தொட்டிக்கும் குழாய்த் தட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெடித்த பிளாஸ்டிக் தொட்டியில் பூசும் பசை, வீடு சேரும் வரைக்குமான ஏற்பாடுதான்.

மாற்ற வேண்டிய நேரம்

விரல் பட்டதும் தகட்டு இதழ்கள் உதிர்ந்தால், பச்சையும் வெள்ளையுமாகக் கறை பல இடங்களில் பூத்திருந்தால், ஒரே ஆண்டில் இரண்டாம் முறை ஒழுகினால் புதிது வாங்குவதே மேல். ஓட்டைக் குழாய்களை அடைத்துவிடுவது பட்டறை வழக்கம். ஒன்றிரண்டு குழாய் போனால் பாதகமில்லை. பல குழாய்களை அடைத்தால் ஒழுக்கு நிற்கும், ஆனால் சூடு தணியாது. வெயிலில் சேற்றுழவு செய்யும்போது எஞ்சின் காய்ந்துவிடும்.

செலவுக் கணக்கு

கணக்குக்காக, பற்று வைக்க 1,500 ரூபாய், புதியது 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய செம்பு, பித்தளை எடைக்கு 1,000 ரூபாய் கிடைத்தால் புதியதன் நிகரச் செலவு 5,000 ரூபாய். அது 5 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். பற்று 3 ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 500 ரூபாய்தான், பற்றே லாபம். ஒரே ஆண்டில் போய்விட்டால் 1,500 ரூபாய். அப்போது புதியதே லாபம். எனவே கூலி எவ்வளவு என்று மட்டும் கேளாமல், எத்தனை ஆண்டு தாங்கும், மீண்டும் ஒழுகினால் கூலியின்றிச் செய்து தருவார்களா என்றும் கேட்டறிய வேண்டும். பழைய ரேடியேட்டரைக் கடைக்காரரிடம் சும்மா விட்டுவரக்கூடாது.

எந்த நீரை ஊற்றுவது?

அடையாற்றங்கரையில் உள்ள பொழிச்சலூரிலும் அதை அடுத்த பம்மல், பல்லாவரம் பகுதிகளிலும் இது முக்கியமான கேள்வி. தோல் பதனிடும் தொழிலால் இவ்வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறியுள்ளது. அத்தகைய கிணற்று நீரை ஊற்றினால் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைப்பும், உலோகத்தில் அரிப்பும் உண்டாகும். புதிய ரேடியேட்டரும் நெடுநாள் நிலைக்காது. சுத்தமான காய்ச்சி வடித்த நீருடன் கூலண்டைச் சரிபாதி கலந்து ஊற்றுவது சிறந்தது. கலந்தே விற்கப்படும் கூலண்டில் மேலும் நீர் சேர்க்கக்கூடாது. அவசரத்துக்கு, சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீர் கிணற்று நீரைவிட மேல்.

வழியில் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் வழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. ஊசிமுனை ஓட்டையை அது சிறிது நேரம் அடைக்கலாம். ஆனால் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். ஆகவே வீடு சேர்ந்ததும் நீரை மாற்றி நன்கு அலச வேண்டும்.

எச்சரிக்கை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். எஞ்சின் நன்கு ஆறிய பின்பே திறக்க வேண்டும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடலாம்.

கூலண்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு உள்ளது. அது இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கிக் குடித்து மாண்டுபோகும். குழந்தைகளுக்கும் ஆபத்து. வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மூடிய டப்பாவில் சேர்த்து, அதை முறைப்படி அகற்றும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். தொழுவத்தின் அருகே வண்டியை நிறுத்துவோர் ஒழுக்கை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

வாரம் ஒரு முறை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது நீர் மட்டத்தைப் பார்ப்பதும், இதழ்களில் ஒட்டிய வைக்கோல் தூசியையும் சேற்றையும் மெல்லிய நீரோட்டத்தால் கழுவுவதும் வழக்கமானால் பெரும்பாலான பழுதுகளைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். உழவுப் பருவம் தொடங்கும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நலம்.