தேர்வு எழுதாமல் தேர்ச்சி: இயக்கக் கல்வி ஆசிரியரை மதிப்பிடுதல்

கேள்வி: ஃபெல்டன்கிரைஸ் முறையில் ஆசிரியராக விரும்புவோர் மூன்று, நான்கு ஆண்டுகள் பயில வேண்டும் என்றும், ஆனால் அப்பயிற்சியில் எழுத்துத் தேர்வோ மதிப்பெண்ணோ கிடையாது என்றும் சொல்லப்படுகிறது. அப்படியானால் ஒருவர் கற்பிக்கத் தகுதி பெற்றுவிட்டார் என்பது எதைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது?

பதில்: மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இன்றைய உக்ரைனில் பிறந்து, பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் பயின்று, ஐரோப்பாவில் ஜூடோ பரவுவதற்கு உழைத்த முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கியவர். தமது முழங்கால் காயத்தோடு போராடிய ஆண்டுகளில் அவர் உருவாக்கிய முறையைச் சிகிச்சை என்றோ உடற்பயிற்சி என்றோ அழைக்காமல், அசைவின் வழியே நிகழும் கல்வி என்றே அவர் முன்வைத்தார். அதற்கு இரு வடிவங்கள் உண்டு. முதலாவது குழு வகுப்பு. இதில் பெரும்பாலும் தரையில் படுத்திருக்கும் மாணவர்களுக்கு ஆசிரியர் எதையும் செய்து காட்டாமல், சொற்களால் மட்டுமே வழிகாட்டுகிறார். இரண்டாவது தனிப்பாடம்; இதில் உடையணிந்தபடியே தாழ்வான மேசையில் படுத்திருக்கும் ஒருவரை ஆசிரியர் தம் கைகளால் மெல்ல அசைத்து, அவர் அறியாமலே வழக்கமாக்கிக்கொண்ட இறுக்கங்களை அவரே உணரும்படி செய்கிறார்.

அங்கீகாரம் பெற்ற பயிற்சி ஏறத்தாழ 800 மணி நேரம், அதாவது 160 நாள் அளவில், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரந்து நடைபெறுகிறது. ஏறக்குறைய பாதித் தொலைவைக் கடந்தபின் குழு வகுப்பு நடத்தும் அனுமதியும், முழுப் பயிற்சியும் முடிந்தபின் தனிப்பாடம் நடத்தும் அனுமதியும் வழங்கப்படுவதால், தேர்ச்சி என்பது இங்கு ஒரே நாளில் நிகழும் நிகழ்ச்சியாக அல்லாமல் இரு படிகளாக அமைந்துள்ளது.

தேர்வு விலக்கப்பட்டிருப்பது இம்முறையின் அடிப்படையிலிருந்தே எழுந்த முடிவாகும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியலாளர் வெபர் கண்டறிந்தபடி, புலன் ஏற்கெனவே தாங்கியிருக்கும் தூண்டல் எவ்வளவு பெரிதோ, அதில் நிகழும் மாற்றமும் அவ்வளவுக்குப் பெரிதாக இருந்தால்தான் உணரப்படும். ஆகவே முயற்சியைக் குறைத்தால்தான் நுண்ணிய வேறுபாடுகள் புலப்படும் என்பதை ஃபெல்டன்கிரைஸ் தமது கற்பித்தலின் அச்சாகக் கொண்டார். தேர்வாளர் முன் நிற்கும் பயிலுநர் மூச்சைப் பிடித்து, தோள்களை இறுக்கி, நன்றாகச் செய்து காட்ட முற்படும்போது, எதிரிலிருப்பவரின் மூச்சு மாறுவதை அவருடைய கைகள் உணர்வது அரிதாகிவிடும். அளக்க வேண்டிய திறனையே அளவுகோல் சிதைத்துவிடும் இந்த நிலையில் மதிப்பெண்ணைக் கைவிட்டது சரியே. எனினும் மதிப்பெண்ணைக் கைவிடுவது மதிப்பீட்டையும் கைவிடுவதாகாது. கற்றல் நடக்கும்போதே அதைத் திருத்தும் பொருட்டுச் செய்யப்படும் வளரறி மதிப்பீட்டுக்கும், முடிவில் தீர்ப்பு வழங்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் வகுத்துரைத்தார். இயக்கக் கல்வியின் பெரும்பகுதி முதல் வகையில் தங்கலாம், ஆனால் பொதுமக்களின் உடலைத் தொடுவதற்கான அனுமதி என்று வரும்போது இரண்டாம் வகையைத் தவிர்க்க வழியில்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்பதே கடினமான பகுதி. குழு வகுப்பில் பயிலுநர், "வலது முழங்காலை இடப்பக்கமாகச் சாய்க்கவும்" என்கிறார் என்று கொள்ளலாம். பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டுமா, இடுப்பும் உடன் உருள வேண்டுமா என்பதை அந்த வாக்கியம் சொல்லாததால், படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் வேறொன்றையும் செய்கிறார்கள். அப்போது அதே வாக்கியத்தை உரக்க மறுபடி சொல்பவரும், பொறுமையிழந்து தாமே செய்து காட்டுபவரும் இன்னும் ஆயத்தமாகவில்லை. குழப்பம் தம் சொல்லிலிருந்து பிறந்ததை உணர்ந்து அதை மாற்றிச் சொல்பவர், அல்லது அந்த இரு விதங்களையும் முறையே அனைவரையும் செய்யச் சொல்லி வேறுபாட்டையே பாடமாக்குபவர், ஆசிரியராகத் தொடங்கிவிட்டார். பாடத்தின் இடையில் ஓய்வு தருவதும் இதே அளவு முக்கியமானது. அனுபவமில்லாதவர் அமைதியைக் கண்டு அஞ்சி அதைச் சொற்களால் நிரப்பிவிடுவது மிகப் பரவலாகக் காணப்படும் குறை.

தனிப்பாடத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தலையைத் தூக்கும்போது கழுத்துத் தசைகள் இடங்கொடுக்கவில்லையெனில், பயிலுநர் மேலும் அழுத்துகிறாரா, அல்லது கையை மெதுவாக விலக்கி, தலைக்கடியில் மடித்த போர்வையை வைத்து, விலாவிலிருந்தோ பாதத்திலிருந்தோ வேறு வழி தேடுகிறாரா என்பதைப் பார்க்க வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், எலும்பு மெலிவு உள்ளவர், காரணம் தெரியாத கடும் வலியோடு வந்தவர் ஆகியோரை எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற தெளிவில் சமரசத்துக்கே இடமில்லை. பாடம் முடிந்தபின், எதைக் கவனித்தீர், அதனால் எதை மாற்றினீர் என்ற இரு வினாக்களுக்குப் பயிலுநர் தரும் விடை, அழகாக நடந்து முடிந்த ஒரு பாடத்தைவிட நம்பத்தக்க சான்றாகும். ஏனெனில் நல்ல மாணவர் வாய்த்தால் பாடம் தானாகவே அழகாக அமைந்துவிடக்கூடும்.

கேள்வி: நிறுவனர் காலத்தில் இவ்வளவு ஏற்பாடு இருந்ததா? மற்றோர் இயக்கக் கல்வி முறையான அலெக்சாண்டர் முறையிலும் இதே நிலைதானா?

பதில்: டெல் அவிவில் 1969 முதல் 1971 வரை ஃபெல்டன்கிரைஸ் பயிற்றுவித்த முதற்குழுவில் 13 பேர் மட்டுமே இருந்ததால், ஒவ்வொருவரையும் அவரே நேரில் அறிந்து முடிவு செய்ய முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் (1975–1978) எண்ணிக்கை பெருகியது. ஆம்ஹர்ஸ்டில் 1980இல் தொடங்கிய பயிற்சியிலோ 200க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர், அடுத்த ஆண்டே அவர் நோயுற்றமையால் எஞ்சிய பயிற்சியை அவருடைய முந்தைய மாணவர்கள் நடத்தி முடித்தனர். ஒரு மனிதரின் பார்வையை நம்பியிருந்த மதிப்பீடு அத்துடன் இயலாததாயிற்று. பயிற்சிகளை அங்கீகரிக்கும் வாரியங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமைந்ததன் தேவை இதிலிருந்து விளங்கும்.

எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) தமது ஆசிரியர் பயிற்சியை 1931இல் லண்டனில் தொடங்கினார். அங்கு 1958இல் நிறுவப்பட்ட ஆசிரியர் சங்கம் மூன்று ஆண்டுகளில் 1,600 மணி நேரப் பயிற்சியையும், ஐந்து பயிலுநருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையும் நெறியாகக் கொண்டுள்ளதோடு, பயிற்சிப் பள்ளிக்கு வெளியிலுள்ள அனுபவமிக்க ஆசிரியர் வந்து பயிலுநரின் கைத்திறனைப் பார்த்துக் கருத்துரைக்கும் வழக்கத்தையும் பேணுகிறது. வெளியாரின் இந்தப் பார்வை மற்ற இயக்கக் கல்வி முறைகளும் மேற்கொள்ளத்தக்கது.

கேள்வி: எல்லா நாள்களும் வருகை தந்த ஒருவர், இறுதியில் ஆயத்தமாக இல்லை என்று பயிற்றுநர் கருதினால் என்ன செய்வது?

பதில்: வருகைப்பதிவு தேர்ச்சிக்குரிய நிபந்தனையே தவிரச் சான்று அன்று. ஆனால் இத்தகைய சூழல்களில் பெரும்பாலும் பிழை பயிற்சி நிறுவனத்தையே சாரும். ஏனெனில் கடைசி வாரத்தில் தெரியவரும் குறை என ஒன்று அநேகமாக இருப்பதில்லை, முன்பே தெரிந்தும் சொல்லப்படாத குறையே இருக்கும். குழு வகுப்புக்கான இடைக்கால அனுமதி வழங்கப்படும் கட்டமே இதை வெளிப்படையாகப் பேசுவதற்குரிய காலம். பணமும் ஆண்டுகளும் செலவிட்டவரிடம் இரக்கம் கருதி மௌனம் காப்பது, அவருக்கும் நாளை அவர் கைகளில் தம்மை ஒப்படைக்கப்போகும் மாணவருக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். கட்டணத்தால் இயங்கும் நிறுவனத்துக்குச் சான்றிதழை மறுப்பது எளிதன்று என்பதால், அப்பயிலுநருக்கு அதிகம் கற்பித்திராத இன்னொரு பயிற்றுநரும் தனியே பார்த்துக் கருத்துச் சொல்லுதல் வேண்டும்.

பயிற்சியில் கலந்துகொண்டமைக்கான சான்றையும் கற்பிப்பதற்கான அனுமதியையும் பிரித்து, முதலாவதைத் தயக்கமின்றி வழங்கிவிட்டு, இரண்டாவதை ஒத்திவைக்கலாம். ஒத்திவைக்கும் கடிதத்தில் "பக்குவம் போதவில்லை" என்பது போன்ற சொற்கள் இடம்பெறலாகாது; எந்தப் பாடத்தில் எந்தச் செயல் காணப்பட்டது, மேற்பார்வையில் இன்னும் எத்தனை பாடங்கள் நடத்த வேண்டும், அவற்றை யார் பார்வையிடுவார், மறுமுடிவு எந்நாளில் அறிவிக்கப்படும் என்பனவும், வேறொரு பயிற்றுநரைக் கோரும் உரிமை பயிலுநருக்கு உண்டு என்பதும் அதில் எழுத்தில் இருத்தல் வேண்டும்.