கடைசிப் பரீட்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவில்

2018-க்கு முன்னால் பொறியியல் கவுன்சிலிங் என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். தருமபுரியில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலையில் கோயம்பேடு. அங்கேயே முகம் கழுவிக்கொண்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி டவுன் பஸ் பிடிப்போம். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மிச்சம் என்பது அங்கே திரையில் ஓடும். இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவோம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தும் நான் பல வருஷம் பிள்ளைகளோடு இப்படிப் போய்வந்திருக்கிறேன்.

அந்த வருஷம் எல்லாம் இணையத்துக்கு மாறியது. என் பழக்கம் மட்டும் மாறவில்லை. 174 கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு மாணவி, தூரத்து ஊரில் இருந்த ஓர் அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்பட்டாள். "போன வருஷம் அங்க 178-ல முடிஞ்சிடுச்சும்மா. கிடைக்காததை மேல எழுதி எதுக்கு வீணாக்கணும்?" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த கல்லூரியை முதலில் போட வைத்தேன். அதுவே கிடைத்தது. பிறகு பட்டியலைப் பார்த்தேன். அவள் கேட்ட அதே கல்லூரியில், அதே பிரிவில், அவளுடைய சமூகத்திலேயே, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவருக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பல நாள் தூங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த முறையை உட்கார்ந்து சரியாகப் படித்தேன். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகக் கணினி பார்க்கிறது. முதலாவதில் இடம் இல்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடுகிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதற்காக அடுத்த கல்லூரியில் இருக்கும் வாய்ப்பு துளியும் குறையாது. ஆனால் மனசுக்குப் பிடிக்காத கல்லூரி ஒன்று பிடித்ததற்கு மேலே ஏறிவிட்டால், கணினி அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்காது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் இப்போது பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஆசைப்படும் வரிசையில் எழுது, பயப்படும் வரிசையில் எழுதாதே. கடைசியில் நிச்சயம் கிடைக்கக்கூடிய பத்துப் பதினைந்து இடங்களையும் சேர்த்துக்கொள்.

போன வருஷக் கட்-ஆஃபை அப்படியே நம்பியது என் இரண்டாவது தவறு. கட்-ஆஃப் கணக்கு எளிது: கணிதம் நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 80 எடுத்தால் 92, 42, 40, மொத்தம் 174. ஆனால் ஒரு வருஷம் கணக்குத் தாள் எளிதாக வந்துவிட்டால் ஊர் முழுக்க மதிப்பெண் ஏறும், மறுவருஷம் கடினமாக வந்தால் இறங்கும். அதே 174 ஒரு வருஷம் பெரிய எண், இன்னொரு வருஷம் சாதாரணம். ஒப்பிட வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, ரேங்கை. பொதுத் தரவரிசை, சமூகத் தரவரிசை இரண்டையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, முந்தைய வருஷங்களில் அந்தக் கல்லூரியில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்று பார்க்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் ஜூலை வேலை. உண்மையில் காரியம் கெடுவது ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாளே ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் தடுப்பதில்லை. அந்த இரண்டு மாதச் சம்பளத்தில்தான் வீட்டில் ஒரு கடன் அடையும் என்று எனக்குத் தெரியும். போகுமுன் இரண்டு காரியம் மட்டும் கேட்கிறேன். ஒன்று, சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தாலும் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று தாண்டித் தாலுகா அலுவலகம் போய்த்தான் வரும். மே மாதம் ஜமாபந்தி தொடங்கிவிட்டால் அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், சாதிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்று இருந்தால் அதைத் திருத்தவும் அப்போதுதான் அவகாசம் உண்டு.

இன்னொன்று, ஃபோன் நம்பர். ஒரு பையனுக்குப் பிரவுசிங் சென்டரில் பதிந்துகொடுத்தவர் அவன் அப்பாவின் நம்பரைப் போட்டுவிட்டார். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில். தற்காலிக ஒதுக்கீடு வந்து இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், ஓ.டி.பி. அப்பாவின் ஃபோனுக்குப் போகிறது, அது சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. நல்ல இடம், போயே போய்விட்டது. அதிலிருந்து, கவுன்சிலிங் முடியும் வரை மாறாத ஒரு நம்பர், பிள்ளைக்கே மனப்பாடமான ஒரு பாஸ்வேர்டு, இவை இரண்டும் இல்லாமல் நான் யாரையும் பதிய விடுவதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்தக் கோடையில் இன்னொரு வேலை வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் நமக்குத் தெரிந்த சொல், வலப்பக்கம் கல்லூரியில் காதில் விழப்போகும் சொல். வகையிடல் என்றால் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் என்றால் இன்டெக்ரேஷன், அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன். தினம் பத்துச் சொல். கணக்கில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள் முதல் பருவத்தில் அரியர் வைத்துவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். கேட்டால், "பாடம் தெரியும் மிஸ், அவங்க எதைச் சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார்கள். அந்த அழுகைக்கு இந்த நோட்டு கொஞ்சம் மருந்து.

முடிந்தால் ஒரு கல்லூரியை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. வரவேற்பறையில் உட்காராமல், வாசலில் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருஷ மாணவர்களிடம் கேட்க வேண்டும்: ஆய்வகம் எத்தனை நாள் திறக்கிறது, விடுதியில் தண்ணீர் வருகிறதா, போன வருஷம் உங்கள் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. வீடு தேடி வந்து "இப்பவே அட்மிஷன் போட்டுடலாம்" என்று சொல்பவர்கள் கையில் அசல் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. அசலை நிறுத்தி வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் நகையை அடகு வைத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பொறியியல் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. ஆய்வகமே சரியில்லாத பொறியியல் கல்லூரியைவிட, அரசுக் கலைக் கல்லூரியில் நன்றாக நடக்கும் பி.எஸ்சி. கணிதத்தை ஆயிரம் தடவை சிபாரிசு செய்வேன். அதற்கு விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி. அதையும் சேர்த்தே போட்டு வைக்க வேண்டும்.

அந்த 174 மாணவி படிப்பை முடித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் சாய்ஸ் கொடுக்கும் நாள் வந்தபோது லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு பள்ளிக்கு வந்தாள். என் மேசைக்கு எதிரே அவனை உட்கார வைத்து, கையில் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள். "உனக்கு எது வேணுமோ அதை முதல்ல எழுதுடா. மிஸ் அப்புறம் பாப்பாங்க." அவன் எழுதி முடிக்கும் வரை நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம்.