ஏழரை மணி அலமாரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

"வீட்டுல எல்லாச் சாமானும் இருக்கு பெரியம்மா, ஆனா ராத்திரி செய்யறதுக்குன்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னாய். வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலர் வாயில் இதே பேச்சைக் கேட்கிறேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆபீஸ் பஸ் உன்னைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது மணி ஏழரை. குழந்தை ஒன்பதுக்குள் தூங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதான் உன்னைச் சோர வைக்கிறது. அடுப்படியில் நிற்கிற அரைமணி நேரத்தை உன்னால் தாங்க முடியும். அந்த யோசனையை ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடித்த தெம்போடு முடித்துவிடு.

சாமான் பட்டியலை முதலில் எழுதாதே. நீங்கள் மூன்று பேரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற, உனக்குக் கைப்பழக்கமாகிவிட்ட இரவுச் சாப்பாடு ஐந்தை எழுது. அந்த ஐந்துக்கும் வேண்டிய சாமான் எந்த நாளும் தீராமல் இருக்கட்டும். மற்றதெல்லாம் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். சூப்பர் மார்க்கெட்டில் கண்ணில் பட்டதெல்லாம் கூடைக்குள் விழுவதால்தான் உன் அலமாரி நிறைந்தும் பயன்படாமல் கிடக்கிறது.

என்னைக் கேட்டால், முதல் இடம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு. நம் கொங்குப் பக்கத்தில் தோட்டத்து வேலை முடிந்து வந்த பெண்கள் எத்தனை இரவுகளை இதை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள்! ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்று மேலே துவரம்பருப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டையும் கழுவி ஊறப்போட்டுவிட்டு முகம் கழுவு, குழந்தையோடு கொஞ்சம் உட்கார். இருபது நிமிஷம் போதும். அந்த ஊறலைத் தவிர்க்காதே. தக்காளியின் புளிப்பு பருப்பை வேகவிடாமல் இழுத்தடிக்கும், ஊறிய பருப்பு அதையும் மீறி வெந்துவிடும். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, கைநிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணீர், மூன்று விசில். சுடச்சுட நெய் விட்டு, தயிரும் அப்பளமும் வைத்துக் கொடு, குழந்தை பேசாமல் சாப்பிடும். காய் நறுக்க நேரமிருந்தால் நறுக்கு, இல்லாவிட்டாலும் குறையில்லை.

நீங்கள் இருக்கிற குடியிருப்பில் போர் தண்ணீர் என்றாயே, பருப்பு வேகவைக்கக் குடிதண்ணீரையே எடு. உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் குழையாது, நீ பருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். ரொம்ப நாள் கிடந்த பருப்பும் அப்படித்தான் அடம்பிடிக்கும். ஆகவே துவரம்பருப்பை ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்காதே. ரேஷன் கார்டைச் சென்னைக்கு மாற்றிவிட்டாயா? கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் தருகிறார்களே, அதை விடாதே. பாசிப்பருப்பு அரைக்கிலோ தனியாக எப்போதும் இருக்கட்டும். ஊறவைக்க மறந்த நாளில் கைகொடுப்பது அதுதான். மூன்று விசிலில் குழைந்துவிடும், தோசைக்கும் சப்பாத்திக்கும் சோற்றுக்கும் ஒரே கடைசல்.

மாவு. ஞாயிறு மாலை அரைத்து, திங்கள் காலை பொங்கியதும் மாவை இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து பிரிட்ஜில் வைத்துவிடு. ஒரே பெரிய பாத்திரத்தைத் தினமும் வெளியே எடுத்து உள்ளே வைத்தால் புதன்கிழமைக்குள் எல்லாமே புளித்துவிடும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. அரைக்க முடியாத வாரத்தில் தெருமுனைக் கடையில் வாங்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொட்டுக்கொள்ளப் பருப்புப்பொடியும் இட்லிப்பொடியும் இருந்தால் சட்னி அரைக்காத நாளும் ஓடிவிடும்.

ரவை, அவல், சேமியா அரையரைக் கிலோ. ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறியபின் டப்பாவில் போட்டு வை. வண்டு வராது, உப்புமா கிண்டும்போது வறுக்கிற வேலையும் மிச்சம். கெட்டி அவல் பத்து நிமிஷத்தில் பூப்போல் ஊறிவிடும். முட்டை ஒரு டஜன் பிரிட்ஜில் இருந்தால் அன்றைய கவலை பாதியாகக் குறையும்.

இனி நான் சொல்லப்போவது பலர் கவனிக்காத பகுதி. பச்சைச் சாமானை மட்டும் நிரப்பினால் பாதி வேலைதான் ஆகிறது. பாதி சமைத்த நிலையில் சில பொருட்கள் வீட்டில் இருக்க வேண்டும். தக்காளி விலை இறங்குகிற வாரத்தில் இரண்டு கிலோ வாங்கி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டச் சுண்டத் தொக்கு செய்து பிரிட்ஜில் வை. புளிக்காய்ச்சலும் அதேபோல். சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலை ஊறப்போட்டு, மறுநாள் வேகவைத்து வடித்து, ஒருவேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடு. தேங்காயைத் துருவிச் சின்னச் சின்னக் கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால் வேண்டியதை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயம் உரிக்கிற வேலையை மாப்பிள்ளையிடம் கொடு, டிவி பார்த்துக்கொண்டே உரிப்பார். உரித்தது மூடிய டப்பாவில் பிரிட்ஜில் நான்கு நாள் இருக்கும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. பூண்டை எண்ணெயில் ஊறவிட்டோ, இஞ்சிபூண்டு விழுதை எண்ணெய் ஊற்றி மூடியோ, பலர் அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைக்காதே. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் நரம்பைப் பாதிக்கிற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். வாசனையிலும் ருசியிலும் அது தெரியாது. ஒரு வாரத்துக்கு ஆகிற விழுதை பிரிட்ஜில் வை, மீதியை ஃப்ரீசருக்கு அனுப்பு. இன்னொன்று, மிஞ்சிய சோறு. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. நாளைக்கு எலுமிச்சை சாதமாக்க எண்ணினால், தட்டில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடு.

நம் ஊர் கோபியில் ஆறு மாசம் கெடாமல் இருக்கிற பொடி சென்னைக் காற்றுக்குத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பே நீர்விடுகிற ஊர் அது. மல்லித்தூள், சாம்பார்பொடி எல்லாம் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். ஈரக் கரண்டி டப்பாவுக்குள் போகக் கூடாது. 25 கிலோ அரிசிச் சிப்பம் மலிவாகத் தெரியும், ஆனால் இரவு மட்டும் வீட்டில் சாப்பிடுகிற மூன்று பேருக்கு அது வண்டுக்கு வைத்த விருந்துதான். ஐந்து கிலோவாக வாங்கு, பழையது தீர்ந்தபின் புதியதைக் கொட்டு. உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதே, இரண்டும் சீக்கிரம் கெடும்.

கடைசியாக ஒன்று. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எது தீரப்போகிறது என்பதை இப்போது நீ மட்டும் நினைவில் வைத்திருக்கிறாய். உன் அம்மாவும் நானும் அப்படித்தான் வைத்திருந்தோம், உடம்பு சரியில்லாமல் படுத்தால்கூட அடுப்படியில் இருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உனக்கு அது வேண்டாம். டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டு. பிரிட்ஜ் கதவில் அந்த ஐந்து சாப்பாட்டையும் அளவோடு எழுதி ஒட்டு. தீர்ந்ததை யார் பார்க்கிறார்களோ அவர்களே பக்கத்தில் குறித்துவைக்கட்டும். மாப்பிள்ளை அரிசிம்பருப்பை இரண்டு தடவை உன் பக்கத்தில் நின்று செய்தால் போதும், மூன்றாவது தடவை நீ பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே குக்கர் விசில் அடித்திருக்கும். அவரிடம் தயங்காமல் கேள். நல்ல பிள்ளை, கேட்டால் செய்வார்.

தை மாசம் வரும்போது ஈரோட்டு மஞ்சள் அரைத்துக் கொண்டுவருகிறேன், கால் கிலோ போதுமா என்று சொல். கூடவே கொண்டுவரும் பருப்புப்பொடியில் குழந்தைக்காகக் காரம் குறைக்கவா, அப்படியே இருக்கட்டுமா என்பதையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா