அரக்கு: விதையே மூலதனம்

இயற்கைப் பிசின்களில் பெரும்பாலானவை மரங்களிலிருந்து வடிபவை. பூச்சியினிடமிருந்து பெறப்படும் வாணிபப் பிசின் அரக்கு ஒன்றே ஆகும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் பலாசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளைகளில் நுண்ணிய அரக்குப் பூச்சிகள் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சுகின்றன. தம் உடலைக் காத்துக்கொள்ள அவை சுரக்கும் பிசின், கிளையைச் சுற்றிக் கெட்டியான மேலோடாகப் படிகிறது. அதனைச் சுரண்டி, கழுவி, உருக்கித் தூய்மை செய்கின்றனர்.

அரக்கு வெப்பத்தில் இளகி, ஆறியதும் இறுகும்; நீரில் கரையாது, சாராயத்தில் கரையும்; உண்டாலும் தீங்கு செய்யாது. ஆகவே முத்திரையிடவும், வளையல் செய்யவும், மரச் சாமான்களுக்கு மெருகேற்றவும், மாத்திரைகளுக்கு மேற்பூச்சாகவும் அது பயன்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்கைக் கலந்தே செய்யப்பட்டன. செயற்கைப் பிசின்கள் வந்தபின் அச்சந்தை மறைந்தது.

விளைவிப்போரில் பெரும்பாலோர் பழங்குடியினரும் சிறு விவசாயிகளுமே. பணமுடை நேரும்போது முதிராத அரக்கையே வெட்டி விற்றுவிடுவது அவர்களிடையே காணப்படும் வழக்கம். குஞ்சு பொரிக்கவிருக்கும் தாய்ப் பூச்சிகள் அடங்கிய குச்சியே விதை அரக்கு. அதைப் புதிய மரத்தில் கட்டினால்தான் அடுத்த விளைச்சல் உண்டு. முன்கூட்டியே வெட்டுபவர் வருமானத்துடன் விதையையும் இழக்கிறார்.

ராஞ்சிக்கு அருகில் நாம்குமில் 1924-இல் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம், மரங்களைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஓய்வளித்து மறுபகுதியில் அரக்கு வளர்க்கும் முறையைப் பரிந்துரைத்தது. அம்முறை பயன்தர வேண்டுமாயின், அறுவடைவரை காத்திருக்க உதவும் கடன் வசதியும் விதை அரக்கு இருப்பும் கிராம அளவிலேயே கிடைக்க வேண்டும்.