பாசியும் இறாலும் வாழும் நன்னீர்த் தொட்டி
(கமக்காரர் இல்லங்களுக்கான விளக்கம்)

நீரின் அருமையைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் தெளிந்து தோன்றும் நீர் தூய நீர்தானா என்பதை வெறுங்கண்ணால் எவரும் கூறிவிட இயலாது. வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி அமைத்து, அதிற் பாசியையும் நன்னீர் இறாலையும் வளர்ப்போமாயின், அது சிறுவர்க்கு இன்பமளிப்பதோடு நீரின் நிலையையும் நமக்கு உணர்த்தும். அதனை வளர்க்கும் முறையும், நஞ்சு தெளிக்கும் கைகளையுடைய நாம் விசேடமாய்க் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

1. தொட்டியும் இடமும்

60 சதம மீற்றர் நீளமும், 30 சதம மீற்றர் அகலமும், 30 சதம மீற்றர் உயரமும் உள்ள தொட்டி தொடக்கத்திற்குப் போதுமானது. அதில் 25 சதம மீற்றர் உயரத்திற்கு நீர் நிரப்பின் 45 லீற்றர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேரப் பாரம் 50 கிலோகிராமுக்கு மேற்படுமாதலால், உறுதியான மேசை மீதே அதனை வைத்தல் வேண்டும். நேர் வெயில் படுமிடம் ஆகாது. வெயிலால் நீர் சூடாவதுடன், வழுவழுப்பான பச்சை அல்காவும் பெருகிக் கண்ணாடியை மூடிவிடும். நீரின் வெப்பநிலை 22 முதல் 28 பாகை வரை இருப்பது நன்று. 30 பாகைக்கு மேற்பட்டால் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைந்து இறால் தளர்வுறும்.

அடியில் நன்கு கழுவிய ஆற்று மணலை 4 அல்லது 5 சதம மீற்றர் கனத்திற்குப் பரப்புக. வயல் மண்ணையோ தோட்ட மண்ணையோ இடலாகாது. அவற்றில் பசளையும் பீடைநாசினியும் எஞ்சியிருக்கக்கூடும்.

2. தாவரங்கள்

பாசி என்று இங்கு கூறப்படுவது குளத்திற் படரும் அல்கா அன்று. சிறு தண்டும் இலையும் உடைய உண்மைப் பாசியாகும். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த யாவாப் பாசி வளர்ப்பதற்கு மிக எளிது. இதற்கு உண்மை வேர் இல்லை. உணவை இலைகளாலேயே நீரிலிருந்து உறிஞ்சும். ஆகையால் மணலிற் புதையாது, கல்லிலோ மரத்துண்டிலோ மெல்லிய நூலாற் கட்டி வைத்தல் வேண்டும். சில வாரங்களில் அது தானே பற்றிக்கொள்ளும்.

மணலில் நடுவதற்கு நம் நாட்டிற்கே உரிய கிரிப்டோகொரைன் இனங்கள் சிறந்தவை. குறைந்த வெளிச்சத்திலும் இவை வளரும். நட்ட சில நாட்களில் இலைகள் கரைந்துபோனாலும் செடி பட்டுவிட்டதென்று பிடுங்கிவிடற்க. வேரிலிருந்து புதிய இலை தோன்றும். ஓடைகளில் இயற்கையாய் வளர்பவற்றைப் பிடுங்காது, வளர்ப்போரிடமிருந்தே நாற்றைப் பெறுதல் வேண்டும். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் எரிந்தாற் போதும்.

3. நீரைப் பக்குவப்படுத்தல்

தொட்டி அமைத்த அன்றே இறாலை விடுவதுதான் பலருக்கும் இழப்பை உண்டாக்குவது. வயலில் இட்ட யூரியா அமோனியமாகிப் பின் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுவதை நாம் அறிவோம். தொட்டியிலும் அவ்வாறே நிகழ்கின்றது. உணவு மிச்சமும் கழிவும் அமோனியாவாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக்கும். வேறொருவகை அதனை நைத்திரேற்றாக்கும். முன்னிரண்டும் இறாலுக்குக் கொடிய நஞ்சு. இறுதியிற் கிடைக்கும் நைத்திரேற்றைத் தாவரங்கள் பசளையாய் ஏற்கும்.

இப்பற்றீரியாக்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். காற்றுப் பம்பியுடன் இணைந்த கடற்பஞ்சு வடியை இயங்கவிட்டு, மீன் உணவில் ஒரு சிட்டிகை மட்டும் இடையிடையே இட்டுக் காத்திருக்க வேண்டும். பரிசோதனை மருந்தினாற் சோதிக்கும்போது அமோனியாவும் நைத்திரைற்றும் காணப்படாதொழியின் நீர் பக்குவமாயிற்று எனக் கொள்க. பஞ்சைக் கழுவுங்கால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிதல் வேண்டும். குளோரீன் கலந்த குழாய் நீர் பற்றீரியாக்களை அழித்துவிடும்.

4. இறாலும் உணவும்

சீனாவையும் தாய்வானையும் சேர்ந்த செர்ரி இறால் 2 முதல் 3 சதம மீற்றர் வரை வளரும். முதலிற் பத்து இறால்கள் போதும். வாங்கிவந்த நீருடன் தொட்டி நீரைத் துளித்துளியாக ஒரு மணித்தியாலத்திற்குக் குறையாமற் கலந்து, பின்னரே உள்ளே விடுக. பெண் இறால் முட்டைகளை வயிற்றின் கீழ்ச் சுமந்து, ஏறத்தாழ 3 முதல் 4 வாரங்களிற் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பாசியிடையே ஒதுங்கி, அதிற் படியும் நுண்ணுயிர்களை உண்டு வளரும். கழற்றிய தோட்டினை அகற்றற்க. அதிலுள்ள கல்சியத்தை இறால் மீண்டும் உண்ணும்.

இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உண்டு முடிக்கத்தக்க அளவே உணவிடுக, எஞ்சியதை அகற்றுக. வாரந்தோறும் நீரில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை மாற்றுதல் நன்று.

5. நஞ்சு பற்றிய எச்சரிக்கை

இறாலும் பூச்சியும் மூட்டுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. ஆதலால் தத்தியைக் கொல்லும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள், மீன் பிழைத்திருக்கும் அளவிலும் இறாலைக் கொல்லக்கூடும். போடோக் கலவையிலும் வேறு பங்கசுநாசினிகளிலும் உள்ள செம்பு மிகச் சிறிய அளவிலேயே அதற்கு நஞ்சாகும். எனவே,

(அ) மருந்து தெளித்த நாளிற் குளித்து உடைமாற்றும் முன் தொட்டியைத் தொடலாகாது.
(ஆ) மருந்து கலந்த வாளியையோ, செப்பு, பித்தளைப் பாத்திரத்தையோ தொட்டி நீருக்குப் பயன்படுத்தலாகாது.
(இ) நுளம்பு மருந்தைத் தொட்டி அருகே விசிறலாகாது.
(ஈ) மருந்து தெளித்த பாத்தியிலிருந்து கீரையோ வெள்ளரியோ இறாலுக்கு இடலாகாது.

இறுதியிற் கூறியது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இறால் மனிதரிலும் பன்மடங்கு மென்மையானது. அது இறந்தமையால் மட்டும் அக்கீரை மனிதர்க்கு நஞ்சு என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஆயினும், நம் இறாலுக்கு இட அஞ்சும் கீரையைச் சந்தைக்கு அனுப்ப நாம் துணியலாமா? சிட்டையிற் குறித்துள்ள நாட்கள் கழிந்த பின்னரே அறுவடை செய்தல் வேண்டும் என்பதன் காரணம் இங்கே தெளிவாகின்றது.

6. கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் ஊறுபவை. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையின் நைத்திரேற்று செம்மண்ணூடாக எளிதில் அங்கு இறங்குகின்றது. செறிந்த பயிர்ச்செய்கை நிகழும் பகுதிகளிற் பல கிணறுகளின் நைத்திரேற்று, குடிநீருக்குரிய எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. இத்தகைய நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசன் ஏந்தும் ஆற்றலைக் குறைக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. தொட்டிக்கு எடுக்கும் நீரைச் சோதிக்கும் அதே மருந்தினாற் குடிகிணற்று நீரையும் ஒருமுறை சோதிப்பீராக. மிகுந்து காணப்படின் ஆய்வுகூடத்திற் பரிசோதித்து உறுதிசெய்தல் வேண்டும்.

7. வாய்க்காலில் விடற்க

மிகுந்த பாசியையும் இறாலையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. ஆகாயத்தாமரை 1905 ஆம் ஆண்டளவில் அழகுச் செடியாகவே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 1909 இல், அதனைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1939 இல் ஆய்வுக்கென வந்த சல்வீனியா வயல்களையும் குளங்களையும் மூடியது. அதனை உண்ணும் சிறு வண்டினத்தை 1986 இல் தருவித்து விட்ட பின்னரே பல இடங்களில் அது தணிந்தது. தொட்டியில் மிகுந்த பாசியை வெயிலில் நன்கு உலர்த்திக் கூட்டெருக் குழியில் இடுக.

சுருங்கக் கூறின், தொட்டி நீர் சிறிது. அதில் தவறு ஒரே நாளிற் புலப்படும். வயல் நீர் பெரிது. அதில் தவறு புலப்படப் பல ஆண்டுகள் செல்லும். சிறு தொட்டியிற் காட்டும் கவனத்தை வயலிலும் தோட்டத்திலும் காட்டுவோமாக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.